போத்தலில் அடைத்த பயத்தங்காய்: மூன்று மூடி உப்பிவிட்டது, மீதி ஒன்பதைச் சாப்பிடலாமா?

செந்தூல்_கொல்லை | சனி, இரவு 9:12

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் தரைவீடு. பின்கட்டில் இருக்கும் சின்ன இடத்தில் பயத்தங்காய்ப் பந்தல், ஏழெட்டு வெண்டை, சில்லி பாடி (ஊசிமிளகாய்), ஒரு லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை). இந்த முறை பயத்தங்காய் கொட்டுகிறது. பறித்து முடித்துவிட்டோம் என்று திரும்பினால் இலைக்குள்ளிருந்து இன்னும் நாலு தொங்கும். பக்கத்து வீட்டுக்கு, எதிர்வீட்டு மலாய் அக்காவுக்கு, கோயில் மடப்பள்ளிக்கு எல்லாம் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் பிள்ளைகள் பயத்தங்காய் என்றாலே தட்டைத் தள்ளுகிறார்கள்.

வீணாக்க மனமில்லாமல், ஒரு வீடியோவைப் பார்த்து போத்தலில் அடைத்தேன். கண்ணாடிப் போத்தல்களைச் சுடுதண்ணீரில் கொதிக்கவைத்தேன். காயை விரல் நீளத்துக்கு நறுக்கி அடுக்கி, உப்புத்தண்ணீர் ஊற்றி, மூடி, பெரிய அண்டாவில் முழுக்கி 45 நிமிடம் கொதிக்கவிட்டேன். ஆறும்போது ஒவ்வொரு மூடியாக 'டொக்'கென்று உள்ளே இழுத்தது. மொத்தம் 12 போத்தல்.

ஒன்பதாவது நாள் இரண்டு மூடிகள் மேலே எழும்பியிருந்தன. இன்று மூன்றாவது. டார்ச் அடித்துப் பார்த்தேன்: தண்ணீர் அரிசி கழுவியதுபோல் கலங்கி, காயின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. மற்ற ஒன்பதும் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கின்றன. "இன்னொரு தடவை நல்லா கொதிக்க வச்சு பொரியல் பண்ணிடலாம்" என்கிறார் மாமியார். செய்யலாமா?

ஆய்வகத்தக்கா | சனி, இரவு 9:31

தயவுசெய்து எதையும் திறக்காதீர்கள், நுனிநாக்கில்கூட வைத்துப் பார்க்காதீர்கள். பன்னிரண்டும் போகவேண்டும்.

ஷா ஆலாமில் உணவுத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் 14 ஆண்டு வேலை பார்த்தவள் நான். உங்கள் கை சுத்தத்தில் குறையில்லை, போத்தலிலும் குறையில்லை. முறையே பயத்தங்காய்க்கு ஆகாதது.

மண்ணில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிர் விதைபோல ஒரு கூட்டுக்குள் சுருண்டு கிடக்கும். எத்தனை முறை கழுவினாலும் காயோடு ஒட்டி வரும். கொதிநீரின் 100 பாகை அதைக் கொல்லாது, மணிக்கணக்கில் கொதித்தாலும் பிழைத்துக்கொள்ளும். காற்றுள்ள இடத்தில் அது தலையெடுக்காது. நீங்கள் செய்தது என்னவென்றால், அதனோடு போட்டிபோடும் மற்ற கிருமிகளையெல்லாம் கொன்று, காற்றையும் வெளியேற்றி, புளிப்பில்லாத காயோடு அதை உள்ளே அடைத்து, நம் ஊர் 30 பாகைச் சூட்டில் அலமாரியில் வைத்தது. முளைத்து நஞ்சு கக்க இதைவிட வசதியான இடம் கிடையாது.

மூடி உப்பிய மூன்றும் உங்களை எச்சரித்துவிட்டன. தெளிவாக இருக்கும் ஒன்பதைப் பற்றித்தான் எனக்குப் பயம். அந்த நஞ்சுக்கு வாடை இருக்கவேண்டும் என்றோ, காற்று உண்டாகவேண்டும் என்றோ கட்டாயமில்லை.

மாமியார் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. பத்து நிமிடம் கொதித்தால் அந்த நஞ்சு முறிந்துவிடும். ஆனால் மூடியைத் திறக்கும்போது தெறிக்கும் துளி, கரண்டி, கை துடைக்கும் துணி இவையெல்லாம் அடுப்புக்குப் போவதில்லையே. மூடியோடு அப்படியே இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஒட்டி, பூனையும் பிள்ளைகளும் தொடாத குப்பைத்தொட்டியில் போடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எங்காவது ஒழுகியிருந்தால் ஒரு பங்கு குளோராக்ஸுக்கு (துணி வெளுக்கும் திரவம்) ஐந்து பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் துடையுங்கள்.

யாராவது ஏற்கெனவே சாப்பிட்டீர்களா? அதை முதலில் சொல்லுங்கள்.

செந்தூல்_கொல்லை | சனி, இரவு 9:40

இல்லை அக்கா, யாரும் சாப்பிடவில்லை. தீபாவளிக்கு வைத்திருந்தேன். கை நடுங்குகிறது.

ஆய்வகத்தக்கா | சனி, இரவு 9:44

அப்படியென்றால் கவலை வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்: சாப்பிட்டு 12 முதல் 36 மணி நேரத்தில், சிலருக்குச் சில நாள் கழித்தும், பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்குக் குழறுவது, விழுங்கமுடியாமல் போவது என்று தொடங்கும். கிளினிக்குக்குப் போய் வரிசையில் உட்காராதீர்கள். நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், போத்தல் உணவு சாப்பிட்டதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

தோட்டத்துப்பேத்தி | ஞாயிறு, காலை 7:05

படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஆனாலும் ஒன்று கேட்டே ஆகணும். எங்க பாட்டி கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்துல லயத்து வீட்டுல இருந்தாங்க. பால்வெட்டு முடிஞ்சு வந்து, குளிச்சு, காஞ்ச புடவை மாத்திக்கிட்டுத்தான் ஊறுகாய் ஜாடிகிட்ட போவாங்க. எங்களை அந்த மூலைக்கே விடமாட்டாங்க. ஈரக்கை பட்டா போச்சு. அவங்களுக்கு நுண்ணுயிரும் தெரியாது, பாகையும் தெரியாது. ஒரு ஜாடி மாங்காய் அடுத்த மாங்காய் வரைக்கும் கெடாம நிக்கும். எங்க வீட்டுல யாரும் நோயில விழலை. இப்ப என்னடான்னா ஒரு காயைப் போத்தல்ல போட ஆய்வகம் வேணுமா? நம்ம பெரியவங்க கைப்பக்குவத்தை நாமளே சந்தேகப்படுறதா இருக்கு.

பாலிக்பூலாவ்_வாசி | ஞாயிறு, காலை 8:20

பேத்தி அக்கா சொல்வது எனக்குப் புரிகிறது. எங்கள் பக்கத்தில் ஜாதிக்காய் (இங்கே 'பாலா' என்போம்) அப்படித்தான் தலைமுறையாகப் போடுகிறோம். கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்து பினாங்கில் நட்ட மரம். அவர்களுக்கு வேண்டியது கொட்டையும் அதைச் சுற்றிய சிவப்புப் பத்திரியும். சதையை வீணாக்காமல் ஜெருக் (ஊறுகாய்) போட்டுப் பெயர் வாங்கியது இந்த ஊர் மக்கள். சௌராஸ்தா பசார் பக்கம் போனால் கண்ணாடி ஜாடி ஜாடியாகப் பார்க்கலாம்.

அப்பா போடும் முறை இது. பழம் தானாக வெடிப்பதற்குச் சற்று முன் பறிக்கவேண்டும். தோல் சீவி, இரண்டாகப் பிளந்து, கொட்டையை எடுத்துவிட்டு, சதையை விசிறிபோல் கீறுவார். வெட்டிய வாய் காற்றுப்பட்டதும் பழுப்பாக மாறும், அதனால் பக்கத்திலேயே உப்புத்தண்ணீர்ச் சட்டி இருக்கும். ஒவ்வொரு துண்டாக அதில் நழுவவிடுவார். இரவு முழுக்க ஊறினால் துவர்ப்பு இறங்கும். மறுநாள் அலசி, ஒரு வரிசை பழம், ஒரு வரிசை சீனி என்று அடுக்குவார். இரண்டு நாளில் சீனி கரைந்து பழம் தன் சாற்றிலேயே மிதக்கும், துண்டு கண்ணாடிபோல் லேசாக ஒளிபுகும். சாற்றை மட்டும் வடித்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, திரும்ப ஊற்றுவார். மூன்று முறை. விரலில் தொட்டு இழுத்தால் நூல் வரவேண்டும்.

என் விரல்களில் அந்தக் கறை ஒரு வாரம் போகாது. பள்ளியில் நகத்தைப் பார்த்தே எங்கள் வீட்டில் பாலா சீசன் என்று கண்டுபிடிப்பார்கள்.

இதுவும் ஆபத்தா அக்கா?

ஆய்வகத்தக்கா | ஞாயிறு, காலை 10:02

தம்பி, ஜாதிக்காய்ச் சதை புளிப்பும் துவர்ப்பும் உள்ளது. அதன்மேல் அத்தனை சீனி. சீனி பழத்திலுள்ள தண்ணீரைக் கட்டிப்போட்டுவிடும், கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது. சீனியைக் குறைத்துவிட்டால் கெடும், அதனால் அப்பா அளவை மாற்றாதீர்கள்.

பேத்தி, நான் பாட்டியைச் சந்தேகப்படவில்லை. உங்களிடம் ஒரே கேள்வி. பாட்டி ஜாடியில் என்னென்ன போட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாங்காய், எலுமிச்சை, நார்த்தங்காய், நெல்லிக்காய், இங்கே வந்தபிறகு கெடோண்டோங், பெலிம்பிங் பூலோ. எல்லாமே பல்லைக் கூசவைக்கும் புளிப்பு. பயத்தங்காயை என்றாவது உப்புத்தண்ணீரில் போட்டு மூடி வைத்தார்களா? வெண்டைக்காயை?

புளிப்பை அளக்கும் பிஎச் எண்ணில் 4.6 என்று ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே, அதாவது அதைவிடப் புளிப்பானதில், அந்த விதை முளைக்காது. அப்படிப்பட்டதற்குக் கொதிநீரே போதும். பயத்தங்காய், வெண்டை, சோளம், காளான், பூசணி, உருளை எல்லாம் எல்லைக்கு மேலே. தக்காளி எல்லைக்கோட்டிலேயே நிற்கும், அதனால் அரை லிட்டர் போத்தலுக்கு ஒரு மேசைக்கரண்டி, கடையில் விற்கும் போத்தல் எலுமிச்சைச் சாறு சேர்க்கவேண்டும். பிழிந்த சாற்றில் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும், அதனால்தான் போத்தல் சாறு. நம் ஊரில் பலரும் ஏமாறுவது பப்பாளியில். பழம்தானே என்று நினைப்போம், ஆனால் அதில் புளிப்பு போதாது. அன்னாசிக்கு அந்தப் பயமில்லை.

தோட்டத்துப்பேத்தி | ஞாயிறு, மாலை 4:48

அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். நீங்க கேட்டதையே கேட்டேன். "பயத்தங்காயை யாருடி ஜாடியில போட்டது? அதை வத்தல்தான் போடுவா உங்க பாட்டி"ன்னாங்க. வெண்டை, பாகல், சுண்டை எல்லாம் வத்தல். ஜாடிக்குப் போனது புளிப்புக் காய் மட்டும்தான். இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேன், இது எனக்கு உறைக்கவே இல்லை.

இன்னொன்னும் சொல்லணும். நான் இப்ப போடுற ஊறுகாய் பாட்டியோடது இல்லை. அவங்க அளவு பத்துப் படி மாங்காய்க்கு ஒரு படி கல்லுப்பு. எங்க வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு வந்ததுல இருந்து நான் உப்பைப் பாதியாக்கிட்டேன். காரத்தையும் குறைச்சேன். ருசிக்குப் பூண்டை நிறைய போட ஆரம்பிச்சேன், போன வருஷம் தனிப் பூண்டு ஊறுகாயே போட்டேன். மேல நல்லெண்ணெய் நிக்குதே, கெடாதுன்னு சமையல்கட்டு மேடையிலேயே வச்சிருந்தேன்.

ஆய்வகத்தக்கா | ஞாயிறு, மாலை 5:15

அந்தப் பூண்டு ஜாடி இன்னும் இருந்தால் அதையும் அந்தப் பைக்குள் போடுங்கள் அம்மா.

இதைத்தான் நான் பல வீடுகளில் பார்க்கிறேன். பாட்டியின் பெயர் இருக்கிறது, ஜாடி இருக்கிறது, உள்ளே இருக்கும் கணக்கு மாறிவிட்டது. அவர்கள் உப்பும் புளிப்பும் வெயிலும் சேர்த்துக் காவல் வைத்தார்கள். நாம் உடம்புக்காக உப்பைக் குறைத்தோம், வெயிலில் வைக்க இடமில்லை. மாங்காய் தன் புளிப்பால் ஓரளவு தாங்கும். பூண்டில் அந்தப் புளிப்பில்லை. எண்ணெய் மேலே நின்று பூசணத்தைத் தடுக்கும், ஆனால் அதே எண்ணெய்தான் காற்றையும் தடுக்கிறது. 1985-இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் ஊறிய பூண்டைச் சாப்பிட்டு 36 பேருக்கு இந்த நஞ்சால் வரும் பொட்டுலிசம் நோய் வந்தது.

உப்பைக் குறைப்பது உங்கள் வீட்டுக்காரருக்கு நல்லது, அதை விடவேண்டாம். மாங்காய் ஊறுகாயைக் கொஞ்சமாகப் போட்டு ஐஸ்பெட்டியில் (ஃபிரிட்ஜில்) வையுங்கள். பூண்டு சேர்த்தால் வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நன்றாக ஊறியபிறகு எண்ணெய் ஊற்றுங்கள், அதையும் ஐஸ்பெட்டியில்தான் வைக்கவேண்டும், சில வாரத்துக்குமேல் நீட்டவேண்டாம்.

கிள்ளான்_அண்ணன் | ஞாயிறு, இரவு 8:30

சோறு வடிக்கும் குக்கரில் போத்தலை வைத்து விசில் விட்டால் 100 பாகையைத் தாண்டிவிடுமே? அது போதாதா?

ஆய்வகத்தக்கா | ஞாயிறு, இரவு 9:10

நல்ல கேள்வி அண்ணே. சூடு தாண்டும், ஆனால் கணக்கு ஒத்துவராது. போத்தல் அடைப்பதற்கென்றே அழுத்தக் கலன் உண்டு, ஒரு லிட்டர் போத்தல் குறைந்தது நான்கு நிமிர்ந்து நிற்கும் அளவு. அதில் பயத்தங்காய்க்குக் கடல்மட்டத்தில் 10 பவுண்டு எடைக்கட்டி போட்டு அரை லிட்டருக்கு 20 நிமிடம், ஒரு லிட்டருக்கு 25 நிமிடம். அதற்குமுன் 10 நிமிடம் ஆவியை வெளியே விட்டு உள்ளே இருக்கும் காற்றைத் துரத்தவேண்டும். அந்தப் பெரிய கலன் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் நேரத்தையும் சேர்த்துத்தான் இந்த நிமிடங்களைச் சோதித்து வைத்திருக்கிறார்கள். நம் குக்கர் சட்டென்று ஏறி சட்டென்று ஆறிவிடும். போத்தலின் நடுவில் இருக்கும் காய்க்குச் சூடு போய்ச் சேர்ந்ததா என்று யாராலும் சொல்லமுடியாது.

தானாராத்தா_குளிர் | திங்கள், காலை 6:50

நான் கேமரன் மலையில் ஸ்ட்ராபெரி ஜாம் போட்டு விற்கிறேன். புளிப்புப் பழம், எனவே கொதிநீர் போதும் என்று புரிகிறது. ஆனால் இங்கே தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறதே, அதே ஐந்து நிமிடம்தானா?

ஆய்வகத்தக்கா | திங்கள், மதியம் 1:05

இல்லை, பத்து. தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். 300 மீட்டரைத் தாண்டினாலே ஜாமுக்கு ஐந்தைப் பத்தாக்கவேண்டும். பினாங்குக் கொடிமலை உச்சியில் வீடு இருந்தால் அங்கேயும் இதுதான், 833 மீட்டர். விற்பனைக்கு என்பதால் இன்னொன்று: கடை ஜாம் போத்தலின் முறுக்கு மூடியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான். போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் மூடி இறுகும் என்பதையும் நம்பவேண்டாம்.

தண்ணீர்மலை_அம்மா | திங்கள், இரவு 7:25

வத்தல் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் பினாங்கில் 11-ஆவது மாடி அடுக்குமாடியில் இருக்கிறேன், வெயிலில் காயவைக்க நாளைத் தேர்ந்தெடுத்தால் இன்றும் முடியும். எங்கள் பக்கம் ஜனவரி, பிப்ரவரியில்தான் மழை ஓயும். தண்ணீர்மலைத் தைப்பூசம் முடிந்த வாரம் தாம்பாளத்தை வெளியே எடுத்துவிடுவேன். மோர்மிளகாய் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி ஊறவைத்து, பகலில் காயவைத்து, சாயங்காலம் அதே மோருக்குத் திருப்பி... மோர் முழுக்க உள்ளே போகும்வரை. ஒடித்தால் 'படக்'கென்று ஒடியவேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

செப்டம்பர், அக்டோபரில் போட்டு இரண்டு தடவை முழுத் தாம்பாளமும் பூசணம் பிடித்தது. மேலோட்டமாகச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்த மனம் வரவில்லை, கொட்டிவிட்டேன். இப்போது மழைக்காலத்தில் அடுப்பறை உலர்த்தியில் 60 பாகையில் வைக்கிறேன். வெயிலின் வாசனை வராது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பாலிக்பூலாவ்_வாசி | திங்கள், இரவு 8:40

ஜூன் ஜூலையில் டுரியான் விழும்போது மாமா வீட்டில் சாக்குச் சாக்காக மிஞ்சும். அதைப் போத்தலில் அடைக்கலாமா?

ஆய்வகத்தக்கா | திங்கள், இரவு 9:02

வேண்டவே வேண்டாம் தம்பி. டுரியானில் புளிப்பே கிடையாது, பயத்தங்காய்க்கு அண்ணன். சுளையைக் கொட்டை நீக்கி உறைபெட்டியில் வையுங்கள், அல்லது மலாய்க்காரர்கள் செய்வதுபோல் தெம்போயாக் போடுங்கள். கொஞ்சம் உப்பு பிசைந்து மூடி வைத்தால் சில நாளில் தயிர் புளிப்பதுபோல் தானே புளிக்கும். அந்தப் புளிப்புதான் காவல். புளித்தபின் ஐஸ்பெட்டிக்கு மாற்றுங்கள்.

செந்தூல்_கொல்லை | செவ்வாய், இரவு 10:15

பன்னிரண்டு போத்தலும் போய்விட்டது. மாமியாரிடம் இந்த இழையை முழுக்க வாசித்துக் காட்டினேன். பேத்தி அக்கா எழுதிய இடத்தில் நிறுத்தச் சொன்னார். "ஆமா, எங்கம்மாவும் பயத்தங்காயை ஜாடியில போட்டதில்ல" என்றார். அதற்குப்பிறகு எதிர்ப்பு இல்லை.

பந்தலில் இன்னும் காய் தொங்குகிறது அக்கா. இப்போது என்ன செய்யட்டும்?

ஆய்வகத்தக்கா | செவ்வாய், இரவு 10:50

எளிய வழி உறையவைப்பது. காயைக் கொதிநீரில் 3 நிமிடம் போட்டு, உடனே ஐஸ்தண்ணீரில் அள்ளி, துணியில் ஈரம் ஒற்றி, பையில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். கொதிநீரில் காட்டாமல் வைத்தால் நாளடைவில் வைக்கோல் ருசி வந்துவிடும்.

போத்தலில்தான் வேண்டுமென்றால் வினிகர். 1.8 கிலோ காய்க்கு 4 கோப்பை வினிகர், 4 கோப்பை தண்ணீர், அரைக் கோப்பை அயோடின் சேர்க்காத உப்பு. வினிகர் 5 விழுக்காடு இருக்கவேண்டும், போத்தலின் பின்பக்கம் பாருங்கள். என் வீட்டுப் பக்கத்துக் கடையில் மூன்று வகை இருந்தது. ஒன்றில் 5, ஒன்றில் 4, மூன்றாவதில் எண்ணே இல்லை. எண் இல்லாததைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். தண்ணீரைக் கூட்டாதீர்கள், புளிப்பு தூக்கலாக இருந்தால் கொஞ்சம் சீனி போடலாம். கடுகு, காய்ந்த மிளகாய், மிளகு உங்கள் விருப்பம். போத்தலுக்கு ஒரு பல் பூண்டுக்குமேல் வேண்டாம். எண்ணெய் கூடவே கூடாது.

10 நிமிடம் கொதிக்கவைத்த சூடான போத்தலில் காயை நிற்கவைத்து, கொதிக்கும் வினிகர்த் தண்ணீரை ஊற்றி, மேலே அரை அங்குலம் இடம் விடுங்கள். விளிம்பைத் துடைத்துப் புது மூடி போட்டு, மூடிக்குமேல் ஓர் அங்குலமாவது தண்ணீர் நிற்க 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஒரு நாள் தொடாமல் வைத்து, மூடியின் நடுவில் விரலால் அழுத்துங்கள். அமுங்கி எழும்பினால் அது பிடிக்கவில்லை, ஐஸ்பெட்டிக்குப் போகட்டும். மற்றதை அடுப்பிலிருந்து தள்ளி, கீழ் அலமாரியில் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் நிறமும் மொறுமொறுப்பும் சீக்கிரம் போகும், ஓர் ஆண்டு காத்திராமல் ஐந்தாறு மாதத்தில் முடித்துவிடுங்கள்.

செந்தூல்_கொல்லை | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மதியம் 2:20

ஏழு போத்தல் போட்டேன். ஆறு மூடி பிடித்தது, ஒன்று 'டிக் டிக்'கென்று அமுங்கி எழும்பியது, அது ஐஸ்பெட்டிக்குப் போனது. அதைத்தான் இன்று திறந்தோம். பச்சை மங்கி ஆலிவ் நிறமாகியிருக்கிறது, ஆனால் கடித்தால் 'கறுக்'கென்கிறது. கடுகு எல்லாம் அடியில் ஊறி உப்பியிருக்கிறது. மாமியார் தயிர்ச்சோற்றுக்கு நாலு துண்டு எடுத்தார், பிறகு இன்னும் நாலு. பிள்ளைகள் தட்டைத் தள்ளவில்லை.

ஒவ்வொரு போத்தலிலும் தேதியும் வினிகர் விழுக்காடும் எழுதி ஒட்டியிருக்கிறேன். லீமாவ் கஸ்தூரி இப்போது பூத்திருக்கிறது. காய் வந்ததும் உப்பில் போட்டுப் பார்க்கப் போகிறேன், பேத்தி அக்கா, பாட்டியின் எலுமிச்சை அளவை அம்மாவிடம் கேட்டுச் சொல்வீர்களா?

தோட்டத்துப்பேத்தி | ஞாயிறு, மாலை 3:02

கேட்டு எழுதிவச்சிருக்கேன்மா. நோட்டுல இருக்கு, ராத்திரி பதிவு போடுறேன். உப்பு அம்மா சொன்ன அளவுலேயே இருக்கும், குறைக்கலை.